எட்டுப் பரிந்துரைகளும் ஒரு மின்னஞ்சலும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் முதலாண்டு ஆங்கிலத் தாளை எழுதியவர்களுக்கு ஒருவகைக் கேள்வி மறக்காது. சாலை விபத்துகளைக் குறைக்க எட்டுப் பரிந்துரைகள் எழுத வேண்டும். அல்லது வளாகத்தைத் தூய்மையாக வைத்திருக்க எட்டு அறிவுறுத்தல்கள் எழுத வேண்டும். விடைக்கான அச்சு வகுப்பிலேயே கிடைத்துவிடும். பரிந்துரை என்றால் வரிக்கு வரி 'ஷுட்' வரவேண்டும், அறிவுறுத்தல் என்றால் ஒவ்வொரு வரியும் வினைச்சொல்லில் தொடங்க வேண்டும். இந்த இரண்டு விதியும் நினைவில் இருந்தால் எட்டு வரியும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பிழையில்லாமலும் இருக்கக்கூடும். ஆனால் அந்தப் பரிந்துரையை யார் படிக்கப் போகிறார்? மாநகராட்சி ஆணையரா, போக்குவரத்துக் காவல் அதிகாரியா, கல்லூரி முதல்வரா? அவர் கையில் எவ்வளவு நிதி இருக்கிறது, எட்டில் எதை முதலில் செய்ய முடியும், எதை அவர் மறுப்பார், மறுத்தால் என்ன பதில் சொல்வது? இவற்றில் ஒன்றையும் மாணவர் யோசிக்க வேண்டிய தேவை வருவதில்லை. வேலை நடக்கிற இடத்தில் பரிந்துரை என்பது ஒருவர் இன்னொருவரை ஒரு செலவுக்கோ ஒரு மாற்றத்துக்கோ சம்மதிக்க வைக்கும் காரியம். தேர்வுத்தாளில் அது எட்டு வாக்கியமாகச் சுருங்கிப் போகிறது.

பட்டதாரிகளின் ஆங்கிலம் வேலைக்குப் போதவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் பழி பள்ளி இலக்கணத்தின் மேல் விழும், அல்லது தமிழ்வழிக் கல்வியின் மேல் விழும். இரண்டும் காரணத்தில் சிறு பங்கு. பெரிய காரணம், தொழில்முறை ஆங்கிலத்தை வேலையிலிருந்து உரித்தெடுத்து ஒரு மொழிப்பாடமாக வைத்ததுதான். நடந்ததை நேரில் பார்க்காத ஒருவருக்கு, அவர் அடுத்து ஒரு முடிவெடுக்கும்படி, நடந்ததைச் சொல்லத் தெரிவதே தொழில்முறை மொழி. சொல்ல ஒரு காரியமும் கேட்க ஓர் ஆளும் இல்லாத இடத்தில் அதைக் கற்க வழியில்லை. இதுவரை நடந்த ஆய்வுகளும் பாடத்திட்டச் சோதனைகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே கைகாட்டுகின்றன என்பது என் வாதம்.

இது சிறிய கேள்வி இல்லை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் 2021இல் சட்டமானது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் இவ்வளவு பேர் வேறு எந்தக் காலத்திலும் இங்கே படித்ததில்லை. வளாக நேர்காணலில் குழு விவாதத்துக்கும் எச்ஆர் சுற்றுக்கும் அவர்கள் அஞ்சுகிற அளவுக்குப் பாடத் தேர்வுகளுக்கு அஞ்சுவதில்லை. பல்கலைக்கழகங்களும் சும்மா இருக்கவில்லை. தகவல்தொடர்பு ஆங்கிலம், தொழில்நுட்ப ஆங்கிலம் என்று இருந்த பொறியியல் தாள்களை அண்ணா பல்கலைக்கழகம் 2021 ஒழுங்குமுறையில் 'ப்ரொஃபஷனல் இங்லிஷ்' ஒன்று, இரண்டு என்று மாற்றியது. கலை அறிவியல் கல்லூரிகளில் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2020-21இலேயே முதலாண்டுக்கு இதே பெயரில் ஒரு பாடத்தைக் கொண்டுவந்து, கலை மற்றும் சமூக அறிவியல், வணிகம் மற்றும் மேலாண்மை, உயிரியல், இயற்பியல் துறைகள் என நான்காகப் பிரித்தது. வணிகவியல் மாணவர் வணிகம் பற்றியும் தாவரவியல் மாணவர் உயிர்கள் பற்றியும் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்பது சரியான உள்ளுணர்வு. பாடப்பொருள் துறைக்கு அருகே வந்தது. கற்பிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் ஆங்கிலத் துறையின் தனி வேலையாகவே நீடித்தன. பாதி வழி வந்து நின்றுவிட்ட சீர்திருத்தம் என்றே இதை நான் பார்க்கிறேன்.

முழு வழியும் போன ஒரு நிறுவனம் நம் தெருக்களிலேயே இருந்தது. அதை யாரும் மொழிப் பள்ளியாக எண்ணியதில்லை. ஊருக்கு ஒன்றாவது இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைச் சொல்கிறேன். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் என்பது வேகத் தாள். இரண்டாம் தாளில் கடிதமும் ஸ்டேட்மென்ட்டும் வரும். அடித்தல் திருத்தலோடு கையால் எழுதிய படியைப் பார்த்துச் சுத்தமாக அடித்துக்கொடுக்க வேண்டும். கேட்புக் கடிதம், நினைவூட்டல், விலைப்புள்ளி, பாக்கி கேட்டு எழுதுவது எல்லாம் பள்ளிப் படிப்போடு நின்ற பையனின் விரல் வழியே திரும்பத் திரும்பப் போயின. எந்தச் செய்தி கடிதத்தின் எந்த இடத்தில் உட்காரும், பட்டியலாகப் போட வேண்டியது எது, பத்தியாக எழுத வேண்டியது எது என்பது கைப்பழக்கத்திலேயே படிந்தது. அந்த முறைக்கு எல்லை உண்டு. பிறர் எழுதியதைப் படியெடுக்கத்தான் அது கற்றுத்தந்தது, சொந்தமாக எழுத அன்று. ஆனாலும் கடிதத்தை ஓர் அலுவலகப் பொருளாக, கைக்குக் கை மாறும் தாளாக மாணவர் முன் வைத்தது அதுதான். பிறகு வந்த கல்லூரிப் பாடம் அதே கடிதத்தைப் பத்து மதிப்பெண் வினாவாக மாற்றிவிட்டது.

உலகளவில் தொழில்முறை ஆங்கிலம் கற்பிக்கும் துறை பெரும்பாலும் 1960களில்தான் உருப்பெறத் தொடங்கியது. குறிப்பிட்ட பயன்களுக்கான ஆங்கிலம் என்ற பெயரில் பொறியாளருக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று, வணிகருக்கு ஒன்று எனப் பாடங்கள் பிறந்தன. தொடக்கத்தில் ஒவ்வொரு துறைக்கும் தனிச் சொற்பட்டியலும் தனி வாக்கிய அமைப்பும் இருக்கும், அவற்றைக் கண்டுபிடித்துக் கற்பித்துவிட்டால் போதும் என்று நம்பினார்கள். 1978இல் ஜான் மன்பி, கற்பவர் எங்கே, யாரோடு, எதற்காகப் பேசப் போகிறார் என்பதை நுணுக்கமாகக் குறித்துக்கொண்டு அதிலிருந்து பாடத்திட்டத்தை வரையும் முறையை முன்வைத்தார். 1987இல் டாம் ஹட்சின்சனும் ஆலன் வாட்டர்ஸும் ஒரு படி மேலே போனார்கள். சேரும் இடத்தில் என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது ஒன்று, அங்கே போய்ச் சேரும் வழியில் கற்பவருக்கு என்ன வேண்டும் என்பது வேறொன்று என்பதை அவர்கள் நூல் அழுத்தமாகச் சொன்னது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டங்கள் முதல் கேள்விக்குப் பட்டியல் போட்டு விடை வைத்திருக்கின்றன: மின்னஞ்சல், அறிக்கை, கூட்டக் குறிப்பு, சுற்றறிக்கை, ரெஸ்யூமே. வழியைப் பற்றிய இரண்டாம் கேள்விதான் இன்னும் கேட்கப்படாமல் கிடக்கிறது.

இந்தப் பட்டியலிலேயே ஒரு கோளாறு இருப்பதை 1990களின் வகைமை ஆய்வுகள் காட்டின. ஜான் ஸ்வேல்ஸ் 1990இலும் விஜய் பாட்டியா 1993இலும் எழுதிய நூல்கள் ஒரு கடிதத்தையோ கட்டுரையையோ அதன் நோக்கத்தையும் அந்த நோக்கத்தை அடைய எழுதுபவர் எடுத்துவைக்கும் அடிகளையும் கொண்டு பார்த்தன. பாட்டியாவின் முடிவுகளில் ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பாடநூலில் விற்பனைக் கடிதம் ஓர் அத்தியாயம், வேலை விண்ணப்பம் வேறோர் அத்தியாயம். உண்மையில் இரண்டும் ஒரே குடும்பம் என்கிறார் அவர். இரண்டும் ஒன்றை எடுத்துரைத்து எதிரில் இருப்பவரை அடுத்த அடி எடுக்க வைக்கின்றன. ஆகையால் இரண்டின் உடற்கட்டும் ஒன்றே. தெற்காசிய விண்ணப்பங்களில் முகப்புக் கடிதம் வெறும் உறைபோல, பயோடேட்டாவை இணைத்திருக்கிறேன் என்று சொல்லி நின்றுவிடும் போக்கையும் அவர் கவனித்தார். வாய்ப்புக் கொடுத்தால் விசுவாசமாக உழைப்பேன் என்று முடியும் விண்ணப்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அது ஆங்கிலப் பிழை இல்லை. அதிகாரிக்கு மனு எழுதிப் பழகிய சமூகத்தின் பணிவு அது. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம் என்ற சட்டகத்தைத் தமிழ்த் தாளிலும் அதே உருப்போட்ட வடிவில்தான் பிள்ளைகள் கற்கிறார்கள். இயந்திரம் ஏன் நின்றது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதச் சொன்னாலும் காரணம் கடைசி வரியில்தான் வரும். வாசகரை நினைத்து எழுதும் பழக்கம் எந்த மொழியிலும் கற்பிக்கப்படவில்லை என்பதுதான் அடியில் இருக்கும் குறை.

திருப்பூரிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம்; பின்னலாடை ஏற்றுமதியில் அன்றாடம் நேரக்கூடியதுதான். சரக்கு வாங்கும் ஜெர்மானிய பையருக்கு லேப் டிப் என்ற சாய மாதிரியை அனுப்பி நிறம் ஒப்புதல் ஆகிவிட்டது. மொத்தத் துணி சாயப்பட்டறையிலிருந்து வந்தபோது ஷேடு சற்று அடர்ந்திருக்கிறது. தூத்துக்குடியில் சரக்கு கப்பலேற வேண்டிய தேதி நெருங்குகிறது. திரும்பச் சாயமிட்டால் நாள் போகும், கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழலாம். மெர்ச்சண்டைசர் வேலையில் புதிதாகச் சேர்ந்த பட்டதாரி பையருக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். கல்லூரியில் கற்ற அச்சில் அது வணக்கத்தோடும் நலம் விசாரிப்போடும் தொடங்கும், சாயப்பட்டறையின் சிரமங்களை விவரிக்கும், 'டூ தி நீட்ஃபுல்' என்று முடியும். பையர் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த 'நீட்ஃபுல்' என்ற சொல்லுக்குள் புதைந்துவிட்டது. அந்த மின்னஞ்சல் செய்ய வேண்டிய வேலை நான்கே. எவ்வளவு துணி, எந்த அளவு வித்தியாசம், படத்தோடு சாம்பிள் எப்போது கையில் கிடைக்கும் என்று முதலில் சொல்ல வேண்டும். இப்படியே ஏற்றுக்கொள்வது, திரும்பச் சாயமிடுவது என்று இருக்கும் வழிகளையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நாளையும் சொல்ல வேண்டும். எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் வைக்க வேண்டும். இவ்வளவையும், தவறு முழுதும் எங்களுடையது என்று ஒப்புக்கொண்ட பத்திரமாகவும் ஆகிவிடாமல், பழியைத் தட்டிக்கழிக்கும் தொனியும் வந்துவிடாமல் எழுத வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வினைச்சொல் பணமாக மாறுகிறது. தமிழில் 'அனுப்பிவிடுவோம்' என்பது வாக்கு. 'அனுப்பிவிடலாம்' என்பது நம்பிக்கை. 'அனுப்பப் பார்க்கிறோம்' என்பது முயற்சி மட்டுமே, கைவிடக்கூடும் என்ற முன்னறிவிப்பும் அதற்குள் இருக்கிறது. பேசுகிற எவரும் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போது மூன்றும் பெரும்பாலும் ஒரே 'வீ வில்' ஆகிவிடுகின்றன. அல்லது 'வீ வில் ட்ரை அவர் லெவல் பெஸ்ட்' என்று, எந்த உறுதியும் தராத பெரும் உறுதியாக வெளிவருகின்றன. முதலாவதை நம்பி பையர் கடை அலமாரிகளில் இடம் ஒதுக்கிவிடுவார். இரண்டாவதைப் படித்தவருக்கு எதை நம்புவது என்றே தெரியாது. 'ஷுட் பி ஏபிள் டு', 'எக்ஸ்பெக்ட் டு' போன்ற வடிவங்கள் அந்தப் படிநிலைகளுக்காகவே ஆங்கிலத்தில் இருக்கின்றன. இவற்றை இலக்கணப் பயிற்சியில் கோடிட்ட இடத்தில் நிரப்பி எவரும் கற்றுவிட முடியாது. தமிழில் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்தப் படிக்கு இணையான ஆங்கிலத்தைத் தேடும்போதுதான் வேறுபாடு மனதில் தைக்கும். அந்தத் தேடலுக்குத் துணிக் கணக்கும் கப்பல் தேதியும் வேண்டும். ஜவுளித் தொழில்நுட்பம் தெரியாத ஆங்கில ஆசிரியரிடம் அவை இல்லை. ஜவுளித் துறை ஆசிரியரிடம் இருக்கின்றன.

மேலே சொன்ன பையர் ஜெர்மானியர் என்பதையும் கவனிக்க வேண்டும். அவருக்கும் ஆங்கிலம் கற்ற மொழிதான். உலக வணிகத்தில் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் இருவருமே அதைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களாக இருப்பது வழக்கமாகிவிட்டது. பின்லாந்தின் ஆய்வாளர்கள் இதைக் கூர்ந்து பார்த்தார்கள். பின்லாந்து நிறுவனங்களும் சுவீடன் நிறுவனங்களும் இணைந்தபோது பொது மொழியாக வந்த ஆங்கிலத்தை லூஹியாலா-சல்மினென், சார்ல்ஸ், கங்கான்ராந்தா ஆகிய மூவரும் 2005இல் ஆராய்ந்து, வணிகப் பொதுமொழியாக ஆங்கிலம் என்ற கருத்துக்கு வடிவம் கொடுத்தார்கள். அதன் பின் தொடர்ந்த ஆய்வுகளும் சேர்ந்து சொல்வது இது: அலுவலகத்தில் இருப்பவர்கள் இலண்டன் உச்சரிப்பையோ பழுதற்ற இலக்கணத்தையோ பெரிதாக மதிப்பதில்லை. தெளிவு, நேரே விஷயத்துக்கு வருவது, துறைச்சொல்லைச் சரியாக வைப்பது, எதிரில் இருப்பவரோடு உறவு கெடாமல் பேசுவது ஆகியவற்றையே மதிக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பயிற்சிக் கூடங்களில் உச்சரிப்பைத் திருத்துவதற்குச் செலவாகும் மணிநேரங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. ழகரம் சொல்லத் தெரிந்த நாக்கை வேறொரு நாக்காக மாற்ற முயலும் நேரத்தில், மறுமுனையில் இருப்பவர் சொன்னதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்க்கும் பழக்கத்தைக் கற்பித்திருக்கலாம்.

வேலையோடு சேர்த்து மொழியைக் கற்பிக்கலாம் என்பது நம் மண்ணுக்குப் புதிதில்லை. மொழிக்கல்வியாளர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடத்திய திட்டம் உலக மொழிக்கல்வி வரலாற்றில் இடம்பெற்றது. இலக்கண விதியை வரிசையாகச் சொல்லிக்கொடுக்காமல், ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டி பிடிக்கலாம் என்று முடிவெடுப்பது போன்ற பணிகளை மாணவர்களிடம் கொடுத்தார். கவனம் பொருளின் மேல் இருக்கும்போது மொழி வடிவம் தானே படிகிறது என்பது அவர் கணிப்பு. அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு, முழு வெற்றி என்று யாரும் சொல்லிவிடவில்லை. எனினும் பணி மூலம் மொழி என்ற சிந்தனைக்கு உலகெங்கும் அது முன்னோடியாயிற்று. அது பிறந்த தென்னிந்தியாவில்தான் கல்லூரி வாசல்வரை வரவில்லை. வேறிடங்களில் மொழிப்பாடம் துறைக்கு அருகே வந்திருக்கிறது: ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பொது ஆங்கிலத்துக்குப் பிறகு, மாணவரின் துறைக்குள் அமைந்த ஆங்கிலப் பாடம் தனியாக உண்டு. சோஹோ நிறுவனம் 2005இல் தொடங்கிய பள்ளியில், பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகள் நிரலாக்கத்தோடும் கணிதத்தோடும் ஆங்கிலத்தையும் உதவித்தொகையுடன் கற்று, அதே நிறுவனத்தில் வேலைக்குள் போகிறார்கள். ஒரு நிறுவனத்தின் தேவைக்கான பள்ளியைப் பல்கலைக்கழகத்துக்கு அப்படியே அளவுகோலாக்க முடியாதுதான். ஆனால் பட்டமே இல்லாத பிள்ளைகள் வேலை மொழியை வேலைக்கு அருகிலிருந்து கற்கிறார்கள் என்பது கண்முன் இருக்கும் சான்று.

இதற்கு முதலில் வரும் மறுப்பு அடித்தளம் பற்றியது. ஒரு வாக்கியம் பிழையில்லாமல் எழுதத் தெரியாத மாணவரிடம் பையருக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்வது, நடக்கப் பழகாத குழந்தையை ஓடச் சொல்வது இல்லையா? இந்தக் கேள்வியை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள், அவர்களின் களைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பள்ளியில் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் படித்தும் அமையாத அடித்தளம், அதே பயிற்சியை இன்னும் இரண்டு பருவம் செய்வதால் அமைந்துவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. வாக்கியம் தேவைப்படும் இடம் வந்தால் வாக்கியத்தின் பிழையும் கண்ணில் படும். 'வில்' எழுதியதால் விமானச் செலவு யார் தலையில் விழும் என்று ஒருமுறை பார்த்தவர் துணைவினையை மறப்பதில்லை. இலக்கணம் வேண்டாம் என்பது என் வாதம் அன்று. அது வரவேண்டிய இடத்தில் வரட்டும் என்பதே.

இதைவிடக் கடினமான மறுப்பு மாணவர்களிடமிருந்தே வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளியான தம் நூலில் அங்கே கட்டாய ஆங்கில வகுப்பில் இருந்த மாணவர்களைக் கவனித்து எழுதினார். பாடநூல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் ஓரங்களில் மாணவர்கள் படம் வரைந்தார்கள், தமிழில் குறிப்புகள் எழுதினார்கள், அந்நியப் பாத்திரங்களைத் தம் உலகத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். போர் நடந்த நிலத்தில் அந்த நூலின் வாழ்க்கை அவர்களுக்கு ஒட்டவில்லை. இருந்தும் அதே மாணவர்கள் உரையாடல் பயிற்சியை விரும்பவில்லை, தேர்வுக்கு உதவும் இலக்கணத்தைக் கேட்டார்கள். இதை வைத்து மாணவர்களே பழைய முறையைத்தான் விரும்புகிறார்கள் என்று வாதிடலாம். எனக்கு வேறுவிதமாகத் தோன்றுகிறது. தமக்குச் சம்பந்தமில்லாத வாழ்க்கையை நடித்துக் காட்டச் சொல்லும்போது, மதிப்பெண்ணாவது தரும் இலக்கணத்தை மாணவர் தேர்ந்தெடுப்பது அறிவுள்ள தேர்வு. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர்கள் படிப்பார்கள். மாற வேண்டியது வினாத்தாள். நூலின் ஓரத்தில் அவர்கள் எழுதிய தமிழ், தம் உலகத்தைப் பாடத்துக்குள் கொண்டுவர அவர்கள் தாமாகச் செய்த முயற்சி. அதைப் பாடத்தின் நடுவே கொண்டுவருவது ஆசிரியரின் வேலை.

வகுப்பில் தமிழைப் பயன்படுத்தினால் ஆங்கிலம் வராது என்ற பழைய அச்சமும் இங்கே எழும். வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் ஒரு மொழியில் படித்து மறுமொழியில் எழுதும் முறையை முறைப்படுத்தி, 1990களில் கென் வில்லியம்ஸ் அதற்குப் பெயரிட்டார். இன்று அது இருமொழிக் கல்வியில் உலகறிந்த முறை. திருப்பூர் மின்னஞ்சலைப் பற்றிய விவாதம் தமிழில் நடக்கட்டும், எது முக்கியம், எது ஆபத்து, எதை எழுத்தில் வைக்கலாகாது என்று கூர்மையாகப் பேசட்டும். எழுதுவது ஆங்கிலத்தில் நடக்கட்டும். அரைகுறை ஆங்கிலத்தில் நடக்கும் விவாதத்தில் மொழியும் வளராது, சிந்தனையும் வளராது.

பாட ஆசிரியர்களுக்கு நேரமில்லை, அவர்களில் பலருக்குத் தம் ஆங்கிலத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை என்பது நடைமுறை மறுப்பு. வகுப்புக்கு அறுபது பேர். ஒருவருக்கு ஒரு பக்கம் என்றாலும் ஒரு வாரம் போகும். இது உண்மை, இதற்கு எளிய விடை இல்லை. பாட ஆசிரியர் இலக்கணம் திருத்த வேண்டியதில்லை. துணிக் கணக்கு சரியா, காரணம் பொருந்துகிறதா, படித்தவர் அடுத்து என்ன செய்யலாம் என்று தெரிகிறதா என்பதை மட்டும் பார்க்கட்டும். எண்ணிக்கையைக் குறைத்தால் நேரம் கிடைக்கும். ஒரு பருவத்தில் பன்னிரண்டு வடிவங்களைத் தொட்டுப் போவதற்குப் பதில், மூன்றே ஆக்கங்களை மாணவர் திருத்தித் திருத்தி எழுதினால் போதும்.

ராபர்ட் பிலிப்சன் 1992இல் எழுப்பிய பெரிய கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலத்தின் பரவல் யாருக்கு இலாபம், உள்ளூர் மொழிகளுக்கு என்ன விலை என்று அவர் கேட்டார். அதற்கு என் பதில் ஆங்கிலத்தைக் குறைப்பதில் இல்லை, தமிழையும் வேலை மொழியாக எழுதக் கற்பிப்பதில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழ்வழியில் கற்பித்தது. ஆனால் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றைத் தளத்தில் இருக்கும் தொழிலாளி ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுதும் பயிற்சி எந்த வழியில் படித்தவருக்கும் கிடைப்பது அரிது. அது கிடைக்காததன் விலையைச் சில நேரம் உடலால் கொடுப்பவர் அந்தத் தொழிலாளிதான்.

செயற்கை நுண்ணறிவே எழுதிக்கொடுக்கும்போது இவ்வளவு எதற்கு என்ற கேள்வியே இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வடிவத்தைக் கற்பிக்கும் பாடத்துக்கு ஆதாரமே போய்விட்டது என்பது உண்மை. எட்டுப் பரிந்துரைகளை அது நொடியில் பிழையில்லாமல் தரும். ஷேடு எவ்வளவு அடர்ந்தது, பையரின் பழைய கோபம் என்ன, முதலாளி எதுவரை இறங்கத் தயார் என்பது அதற்குத் தெரியாது, சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்லத் தெரிவதும், அது எழுதித் தரும் வழவழப்பான 'வீ வில்' என்பதைப் பார்த்து இதை நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது என்று பிடித்துத் திருத்துவதும் மாணவரின் வேலையாக மிஞ்சுகிறது.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் ஏற்கெனவே பாடத்திட்டத்தில் இருக்கிறது: இறுதியாண்டு ப்ராஜெக்ட். அங்கே மாணவரிடம் தாமே செய்த ஒரு காரியம் இருக்கிறது, அதைப் பார்க்காதவர்கள் வெளியே இருக்கிறார்கள். தடித்த அறிக்கையோடு சேர்த்து இரண்டு பக்கம் கேட்கலாம். ஒன்று, அந்தக் கருவியை வாங்கக்கூடிய ஒரு சிறு பட்டறை உரிமையாளருக்குத் தமிழில்; மற்றொன்று, அதே கருவியை வேறு நாட்டில் விற்கக்கூடிய ஒருவருக்கு ஆங்கிலத்தில். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கட்டும். திருத்துவதற்குத் துறை ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும். பெரும்பாலான கல்லூரிகளின் கால அட்டவணையில் அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒரு மணி நேரம் இன்றைக்கு இல்லை. முதலில் ஒதுக்க வேண்டியது அந்த ஒரு மணி நேரத்தை.